லியொனார்டோவை அறிய ஒரு நோட்டு, ஒரு பேனா, ஆறு குச்சி

என் அப்பா பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு மேசை, ஒரு பெஞ்சு. வீட்டிலும் எதையும் எழுதி வைப்பார். பால் கணக்கு, மழை பெய்த நாள், நான் பிறந்த நேரம் எல்லாம் ஒரே நீள நோட்டில் இருக்கும். லியொனார்டோ டா வின்சியின் பிறப்பைப் பற்றி முதன்முதலில் படித்தபோது அந்த நோட்டுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. 1452 ஏப்ரல் 15, சனிக்கிழமை, இரவு மூன்றாம் மணி, அதாவது சூரியன் மறைந்தபின் மூன்றாவது மணி நேரம். இதை எழுதி வைத்தவர் அவருடைய தாத்தா அந்தோனியோ. குடும்பத்தில் கிடந்த ஒரு பழைய பத்திரப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறார். லியொனார்டோவின் அப்பா பியெரோவும் பத்திரம் எழுதிப் பதிவு செய்கிற தொழிலில் இருந்தவர். அம்மா கத்தரினாவை அவர் மணந்துகொள்ளவில்லை. அப்படிப் பிறந்த பிள்ளைக்கு அந்தக் குடும்பத் தொழில் கிடையாது. லத்தீன் படிப்பும் முறையாக அமையவில்லை. நோட்டில் எழுதுகிற பழக்கம் மட்டும் அவரிடம் தங்கிவிட்டது. அவர் எழுதி வரைந்ததில் 7,000 பக்கங்களுக்கு மேல் இன்றும் இருக்கின்றன.

நான் ஓவிய ஆசிரியை. சனிக்கிழமை காலையில் எங்கள் வீட்டு மாடியில் குழந்தைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். பல வருடங்கள் நானும் லியொனார்டோ என்றால் மோனலிசாவில்தான் தொடங்கினேன். படத்தைச் சுவரில் ஒட்டுவேன், புன்னகையைப் பற்றிப் பேசுவேன், பிறகு ஓவியர், சிற்பி, பொறியாளர், உடற்கூறு அறிந்தவர், நரம்புக் கருவி வாசித்தவர் என்று பட்டியல் எழுதச் சொல்வேன். பட்டியல் நீள நீள, அவர் குழந்தைகளுக்கு எட்டாத ஆளாகிப் போனார். அந்தத் தவறு என்னுடையது. அவருக்கு இருந்தது ஒரே ஒரு பழக்கம் என்றுதான் இப்போது நினைக்கிறேன். எதைப் பார்த்தாலும் அது ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்பார், கேட்டதை வரைந்து பார்ப்பார். அந்தப் பழக்கத்தைத் தண்ணீரின் பக்கம் திருப்பியபோது பொறியாளர் என்றார்கள், இதயத்தின் பக்கம் திருப்பியபோது உடற்கூறு அறிஞர் என்றார்கள்.

அதனால் இங்கே நான் சொல்லப்போவது, அவர் செய்தவற்றில் சிலவற்றை நீங்களே உங்கள் கையால் செய்து பார்க்கும் வழி. ஒரு மாதம் போதும். தினமும் கால் மணி நேரம், ஞாயிறுகளில் கொஞ்சம் கூடுதலாக. பிள்ளைகளோடு செய்யலாம், தனியாகவும் செய்யலாம். படம் வரையத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

வேண்டியவை: சட்டைப்பையில் போகிற அளவுக்குக் கோடு போடாத நோட்டு, பால்பாயிண்ட் பேனா, முகம் பார்க்கிற சின்னக் கண்ணாடி, தையல் டேப், ஒரு பிடி மரத்தூள், ஒரே நீளத்தில் குச்சிகள். பென்சிலும் ரப்பரும் வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

ரப்பர் வேண்டாம் என்பது லியொனார்டோவின் சொல்தான். இளம் ஓவியர்களுக்கு அவர் எழுதிய குறிப்பு ஒன்றில், எப்போதும் ஒரு சின்ன நோட்டைக் கூடவே வைத்திருக்கச் சொல்கிறார். அதன் தாளில் வண்ணம் பூசியிருக்க வேண்டும், அழிக்க முடியாதபடி இருக்க வேண்டும். தெருவில் பேசுகிறவர்கள், சண்டை போடுகிறவர்கள், சிரிக்கிறவர்கள் எல்லாரையும் சில கோடுகளில் பிடித்துவிட வேண்டும். உருவங்கள் முடிவில்லாதவை, நினைவு அத்தனையையும் தாங்காது, ஆகவே எதையும் அழிக்காமல் பத்திரப்படுத்துங்கள் என்பது அவர் சொன்ன காரணம்.

முதல் வாரம் இதை மட்டும் செய்யுங்கள். நாளுக்கு ஒரு பக்கம். அசைகிற ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: காய் நறுக்குகிற கை, தூங்குகிற நாய், பேருந்தில் எதிர் இருக்கைக்காரர். கோடு தப்பினால் அதன் பக்கத்திலேயே இன்னொன்று போடுங்கள். என் வகுப்பில் ஒரு சிறுமி எங்கள் தெரு நாயை வரைய உட்கார்ந்தாள். அது புரண்டு படுத்தது. அவள் என்னைப் பார்த்தாள். "பக்கத்திலேயே மறுபடி ஆரம்பி" என்றேன். முடியும்போது ஒரே தாளில் ஐந்து அரைகுறை நாய்கள் இருந்தன. அப்போது அவளுக்கு லியொனார்டோவின் பூனைப் பக்கத்தைக் காட்டினேன். இங்கிலாந்தின் வின்சர் கோட்டையில் இருக்கிற தாள் அது. பூனைகள் தூங்குகின்றன, நக்கிக்கொள்கின்றன, கட்டிப் புரள்கின்றன, பதுங்குகின்றன. நடுவே ஒரு பூனை எப்படியோ டிராகனாகவே மாறிவிட்டிருக்கிறது. அந்தச் சிறுமி வெகுநேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மோனலிசாவை அவள் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை.

படத்தின் மூலையில் தேதி போடுங்கள். லியொனார்டோவின் படங்களில் தேதி உள்ள மிகப் பழையது 1473 ஆகஸ்ட் 5 அன்று வரைந்த ஆர்னோ பள்ளத்தாக்கு. இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் உள்ள உஃபீசி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அப்போது அவருக்கு வயது 21, வெரோக்கியோ என்ற சிற்பியின் பட்டறையில் தொழில் பழகிக்கொண்டிருந்தார். மலையும் மரமும் அருவியும் பேனாக் கோடுகளாக விறுவிறுவென்று ஓடும் படம். தேதியை வலமிருந்து இடமாகத் திருப்பி எழுதியிருக்கிறார்.

திருப்பி எழுதியதைப் பற்றிக் கேட்காத பிள்ளை இல்லை. ரகசியம் காக்க எழுதினார் என்று பரவலாகச் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவர் இடக்கைக்காரர். இடக்கையால் இடமிருந்து வலமாக எழுதினால் ஈர மையின் மேல் கை இழுபடும். பிறர் பார்க்க வேண்டிய இடங்களில், எடுத்துக்காட்டாக 1502இல் வரைந்த இமோலா நகர வரைபடத்தில், எழுத்துகள் சாதாரணமாகத்தான் இருக்கின்றன. உங்கள் வீட்டில் இடக்கைப் பிள்ளை இருந்தால் மைப் பேனா கொடுத்துத் திருப்பி எழுதச் சொல்லிப் பாருங்கள். காரணம் உடனே புரியும். நிழலுக்கு அவர் போடும் சாய்வுக் கோடுகளையும் கவனியுங்கள். மேல் இடப்பக்கத்திலிருந்து கீழ் வலப்பக்கம் இறங்கும். ஒரு படம் அவர் கையில் வந்ததா, வலக்கைச் சீடர் கையில் வந்ததா என்று அறிஞர்கள் யோசிக்கும்போது இதையும் பார்க்கிறார்கள்.

சரி, இரண்டாம் வாரம். நோட்டைப் புரட்டிக் கடைசிப் பக்கத்திலிருந்து கேள்விகள் எழுதத் தொடங்குங்கள்.

1490 வாக்கில் மிலானில் இருந்தபோது லியொனார்டோ எழுதிய ஒரு வேலைப் பட்டியல் கிடைத்திருக்கிறது. மிலானையும் அதன் புறநகர்களையும் அளக்க வேண்டும். கணக்கு ஆசிரியரிடம் முக்கோணத்துக்குச் சமமான சதுரம் எப்படிப் போடுவது என்று கேட்க வேண்டும். ஃபிளாண்டர்ஸில் (இன்றைய பெல்ஜியம் பக்கம்) பனிக்கட்டி மேல் எப்படி நடக்கிறார்கள் என்று பெனெடெட்டோ போர்த்தினாரி என்ற வணிகரிடம் கேட்க வேண்டும். நீர் வேலை தெரிந்த ஒரு மேஸ்திரியைப் பிடித்து, கால்வாய் மதகையும் ஆலையையும் மிலானைச் சுற்றியுள்ள லொம்பார்டி பகுதியின் முறையில் பழுதுபார்ப்பது எப்படி என்று தெரிந்துகொள்ள வேண்டும். இன்னொரு தாளில், மரங்கொத்தியின் நாக்கை விவரிக்க வேண்டும் என்று ஒரு வரி. (மரங்கொத்தியின் நாக்கைத் தாங்கும் எலும்பு மண்டை ஓட்டைச் சுற்றி வளைந்து போகிறது. கேட்க வேண்டிய கேள்விதான்.)

இந்தப் பட்டியலில் பலமுறை வருகிற வினை "கேள்" என்பது. இன்னாரிடம் கேள், இன்னாரைக் காட்டச் சொல். எல்லாம் தனியாகக் கண்டுபிடித்த மேதை என்ற பிம்பம் இங்கே உடைந்துவிடுகிறது. தொழில் தெரிந்தவர்கள் வாசலில் போய் நின்றவர் அவர். ஆகவே ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில், அதை யாரிடம் கேட்பது என்று ஒரு பெயர் எழுதுங்கள். பெயர் எழுத முடியாவிட்டால், எதைக் கொண்டு அளப்பது என்று எழுதுங்கள். இரண்டும் முடியாத கேள்வியைத் தள்ளி வையுங்கள். என் நோட்டில் இருந்த ஒன்று: மாடிக் குழாயைச் சட்டென்று மூடினால் சுவருக்குள் ஏன் 'டொம்' என்று சத்தம் வருகிறது? பக்கத்தில் எழுதிய பெயர், பிளம்பர் அண்ணன். அவர் வந்து, ஓடுகிற தண்ணீரைத் திடீரென்று நிறுத்தினால் அது போய் முட்டும், குழாய் ஆடும் என்று சொல்லி, கிளாம்ப் தளர்ந்திருந்த இடத்தையும் காட்டினார். அதை அப்படியே வரைந்து வைத்தேன்.

கேள்விப் பக்கத்தில் வீட்டுக் கணக்கும் வரலாம், கவலைப்பட வேண்டாம். 1490 ஜூலை 22 அன்று சலாய் என்று பின்னால் பெயர் பெற்ற 10 வயதுப் பையன் லியொனார்டோவிடம் வந்து சேர்ந்தான். அவன் திருடியதையும், அவனுக்கு முதல் வருடம் வாங்கிக் கொடுத்ததையும் வரிசையாக எழுதியிருக்கிறார். 24 ஜோடி காலணி அதில் ஒன்று. ஓரத்தில் திருடன், பொய்யன், பிடிவாதக்காரன், தின்னி என்று நான்கு சொற்கள். ஆனாலும் ஏறக்குறைய 30 ஆண்டுகள் அவனைத் தன் பக்கத்திலேயே வைத்திருந்தார். முதுமையில் எழுதிய ஒரு வடிவியல் பக்கம் பாதியில் நிற்கிறது. நின்ற இடத்தில் எழுதியிருப்பது, சூப் ஆறிக்கொண்டிருக்கிறது என்பது.

மூன்றாம் வாரத்துக்கு மரமும் தண்ணீரும். மரத்தை முதலில் முடித்துவிடலாம், அது ஒரு காலைப் பொழுது வேலை. மரத்தின் எந்த உயரத்திலும், கிளைகள் எல்லாவற்றையும் சேர்த்தால் அடிமரத்தின் பருமன் வரும் என்று லியொனார்டோ எழுதினார். சோதிப்பது சுலபம். கைக்கு எட்டுகிற ஒரு கவட்டையைத் தேர்ந்தெடுங்கள். கவட்டைக்குச் சற்றுக் கீழே, புடைப்பு இல்லாத இடத்தில், டேப்பால் சுற்றளவு எடுங்கள். பிரிகிற ஒவ்வொரு கிளைக்கும் அப்படியே. ஒவ்வொரு எண்ணையும் அதே எண்ணால் பெருக்குங்கள். கிளைகளின் தொகையும் அடிமரத்தின் எண்ணும் அருகருகே வர வேண்டும். எங்கள் வீட்டு எதிரில் இருக்கும் பூவரசில் அடிமரம் 62 செ.மீ., கிளைகள் 48, 40. கணக்குப் போட்டால் 3,844-க்கு 3,904. மாடி முழுக்கக் கைதட்டல். அடுத்த கவட்டையில் 31, 27, 19. அங்கே 961-க்கு 1,090 வந்தது. பிள்ளைகள் அதை எழுதாமல் விடப் பார்த்தார்கள். விடவில்லை. ஒத்துவராததும் நோட்டில் இருக்க வேண்டும்.

தண்ணீருக்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். லியொனார்டோ வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப வந்த பொருள் இதுதான். அகலமான பேசினைக் குழாயடியில் வைத்து, ஒரு பக்கம் தண்ணீர் வழிந்தோடும்படி சற்றுச் சாய்த்துவிடுங்கள். குழாயைச் சன்னமாகத் திறங்கள். ஓட்டத்தின் குறுக்கே ஒரு ஸ்கேலை நட்டுக்குத்தாகப் பிடித்து, மரத்தூளைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவுங்கள். ஸ்கேலுக்குப் பின்னால் தூள் சுழலும். ஒரு சுழி பிறந்து நகர்ந்து போகும், எதிர்ப்பக்கத்தில் இன்னொன்று பிறக்கும். ஸ்கேலைச் சாய்த்தால் சுழி நீளும். வரையுங்கள். முதல் பத்து நிமிடம் ஒன்றும் பிடிபடாது. கண் ஒரே ஒரு தூளைப் பின்தொடரப் பழகியதும் கோடு தானாக வரும். ஓடையில் பலகையைக் குறுக்கே வைத்து லியொனார்டோ வரைந்த தாளையும் வின்சரில் காணலாம். அதில் தண்ணீர் பின்னல் போட்ட கூந்தல் மாதிரி இருக்கும். அவரே எழுதியும் வைத்திருக்கிறார்: நீரின் மேற்பரப்பு தலைமுடியைப் போல அசைகிறது, முடியில் ஒரு அசைவு அதன் எடையால் வருவது, இன்னொன்று சுருளின் போக்கால் வருவது.

அன்று மாலையே, வீட்டில் யாராவது தலை பின்னும்போது பக்கத்தில் உட்கார்ந்து அதையும் வரையுங்கள். இரண்டு பக்கங்களையும் சேர்த்துப் பார்த்தால் அவர் ஓவியங்களில் உள்ள முடியைப் பிறகு வேறு மாதிரிப் பார்ப்பீர்கள்.

அப்புறம் இந்தச் சுழி எங்கே போய் நின்றது தெரியுமா? இதயத்தில். 1507-08 குளிர்காலத்தில் புளோரன்ஸின் சாந்தா மரியா நுவோவா மருத்துவமனையில், நூறு வயதைத் தாண்டியதாகச் சொன்ன முதியவர் ஒருவர் நோவு ஏதுமின்றி அமைதியாக இறந்தார். அவரோடு பேசிக்கொண்டிருந்த லியொனார்டோ, அத்தனை இனிய சாவுக்குக் காரணம் என்னவென்று அறிய அந்த உடலை அறுத்துப் பார்த்தார். ரத்தக் குழாய்கள் தடித்துச் சுருங்கி, இதயத்துக்குப் போகும் ரத்தம் குறைந்ததை எழுதி வைத்தார். சில ஆண்டுகள் கழித்து மாட்டு இதயத்தை ஆராய்ந்தபோது, பெருந்தமனியின் வாசலில் உள்ள வால்வு எப்படி மூடுகிறது என்று கேட்டார். அந்தக் குழாயின் வடிவில் கண்ணாடியில் மாதிரி செய்து, தண்ணீரில் புல் விதை கலந்து ஓடவிட்டுப் பார்க்கும் முறையைக் குறித்தார். வால்வுக்குப் பின்னால் உள்ள குழிவில் ரத்தம் சுழித்து, அந்தச் சுழியே வால்வின் இதழ்களை விரித்து மூட வைக்கிறது என்பது அவர் கண்ட முடிவு. அவர் சொன்னது சரி என்று மருத்துவ உலகம் சோதித்து அறிந்தது 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில். நீங்கள் பேசினில் தூவிய மரத்தூளுக்கும் அந்தப் புல் விதைக்கும் வேலை ஒன்றே. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

இந்த மூன்று வாரமும் கூடவே ஒரு வேலை ஓடட்டும். ஒரே ஒரு படத்தை முடிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் எடுத்துப் பார்த்து, தோன்றினால் ஒன்றிரண்டு கோடு போட்டுவிட்டு மூடிவிடுங்கள். கண்ணாடியில் திருப்பிப் பார்ப்பதும் இதற்குத்தான். வரைகிறபோது அடிக்கடி உன் படத்தைக் கண்ணாடியில் பார், வேறொருவர் வரைந்ததைப் போலத் தெரியும், பிழை கண்ணில் படும் என்று அவர் அறிவுரை சொல்கிறார். அவ்வப்போது வேலையை விட்டுத் தள்ளிப் போய் வரவும் சொல்கிறார். மிலானில் 'இறுதி விருந்து' என்ற சுவரோவியத்தை வரைந்த நாட்களில், விடியற்காலையில் சாரத்தில் ஏறிச் சாப்பாட்டை மறந்து வேலை செய்வாராம். சில நாள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபடியே நின்றுவிடுவாராம். சில நாள் உச்சி வெயிலில் வந்து ஒன்றிரண்டு தீற்றல் வைத்துவிட்டுப் போய்விடுவாராம். அருகிலிருந்து பார்த்த பந்தெல்லோ என்பவர் இதை எழுதியிருக்கிறார். ஈரச் சுதையில் வரைகிறவர் இப்படி நிதானமாக நிற்க முடியாது, சுதை காய்வதற்குள் முடிக்க வேண்டும். அதனால் அவர் காய்ந்த சுவரில் வரைந்தார். அதன் விலை பெரிது. அவர் உயிரோடு இருந்தபோதே வண்ணம் உரியத் தொடங்கியது. 1978இல் தொடங்கிய சீரமைப்பு 1999இல்தான் முடிந்தது. அவரைத் 'தொடங்கியதை முடிக்காதவர்' என்று குறை சொல்வார்கள். எனக்கு அந்தக் குறையைச் சொல்ல மனம் வருவதில்லை. இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் அவரை மெதுவாக்கியது, அதே ஆசைதான் நமக்கு அந்த நோட்டுகளைக் கொடுத்தது.

கடைசி ஞாயிறு, பாலம். 1482 வாக்கில், முப்பது வயதில், மிலானின் ஆட்சியாளர் லுடோவிக்கோ ஸ்போர்சாவுக்கு வேலை கேட்டு ஒரு கடிதம் தயார் செய்தார். தனக்கு என்னென்ன தெரியும் என்ற அந்த வரிசையில் முதலில் நிற்பது, எளிதில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய இலேசான, உறுதியான பாலங்கள். சிலை செய்வதும் ஓவியம் வரைவதும் கடைசியில்தான் வருகின்றன. அவர் நோட்டுகளில் ஆணியும் இல்லாமல் கயிறும் இல்லாமல் கட்டைகள் ஒன்றையொன்று கவ்வி நிற்கிற பாலத்தின் படம் இருக்கிறது. மிலானின் அம்ப்ரோசியானா நூலகத்தில் உள்ள 1,119 தாள் கொண்ட பெருந்தொகுப்பைச் சேர்ந்தது.

ஒரு அடி நீளத்தில் மூங்கில் பிளாச்சு ஆறு எடுத்துக்கொள்ளுங்கள். ஐஸ் குச்சியும் ஆகும், ஆனால் அது மெலிது, வளைவு அதிகம் வராது. பென்சில் உருண்டு ஓடிவிடும்.

இரண்டு குச்சிகளை நான்கு விரல் இடைவெளியில் இணையாக வையுங்கள். இது முதல் ஜோடி. அவற்றின் நடுவில், மேலாக, ஒரு குறுக்குக் குச்சி. இப்போது ஜோடியின் ஒரு முனையைத் தூக்கி, அந்த முனைகளுக்கு அடியில் இரண்டாவது குறுக்குக் குச்சியை வையுங்கள். ஒருவர் அதைப் பிடித்துக்கொள்ளட்டும். மீதமுள்ள இரண்டு குச்சிகள்தான் இரண்டாம் ஜோடி. அவற்றை முதல் ஜோடிக்கு உட்பக்கமாக நுழையுங்கள். அவற்றின் ஒரு முனை முதல் குறுக்குக் குச்சியின் மேல் ஏற வேண்டும், நடுப்பகுதி இரண்டாவது குறுக்குக் குச்சிக்கு அடியில் போக வேண்டும், மறுமுனை தரையில் ஊன்ற வேண்டும். மெதுவாகக் கையை எடுங்கள். நிற்கும். நடுவில் விரலால் அழுத்துங்கள், இன்னும் இறுகும்.

ஞாபகம் வைக்க ஒரே விதி: ஒவ்வொரு குறுக்குக் குச்சியும் ஒரு ஜோடியின் நடுவுக்கு மேலே, பக்கத்து ஜோடியின் முனைக்குக் கீழே. இந்த விதிப்படி மூன்று மூன்று குச்சியாகச் சேர்த்துக்கொண்டே போகலாம். மூன்றாவது ஜோடி மறுபடியும் வெளிப்பக்கம் வரும். சேர்க்கும்போது பாலத்தின் ஒரு முனையைத் தூக்கிப் பிடிக்க ஒரு ஆள் கட்டாயம் வேண்டும், தனியாளாக முயன்றால் நான்காவது ஜோடியில் சரியும். வழுக்கினால் குறுக்குக் குச்சி உட்காரும் இடத்தில் கத்தியால் இலேசாக ஒரு வெட்டுப் போடுங்கள். குறுக்குக் குச்சி தடித்தால் வளைவு கூடும், மெலிந்தால் தட்டையாகும். இரண்டு விதமும் செய்து, பக்கவாட்டில் உட்கார்ந்து வரைந்துகொள்ளுங்கள்.

எங்கள் மாடியில் போன மாதம் 21 குச்சிகள் வரை போனோம். மேலே என் அப்பாவின் நீள நோட்டை வைத்தோம், தாங்கியது. பிறகு பிள்ளைகள் முட்டிபோட்டுச் சுற்றி உட்கார்ந்து, எந்தக் குச்சியை உருவினால் விழும் என்று ஆளுக்கொரு பதிலை நோட்டில் எழுதிவிட்டு, ஒவ்வொன்றாக உருவத் தொடங்கினார்கள்.